நீ சங்கிலி கட்டியதை நான் பார்க்கவில்லை

கதிரு,

இதைப் படித்து முடிக்க உனக்கு இரண்டு நாளாவது ஆகும். ஐந்தாம் வகுப்போடு தமிழை விட்டுவிட்டு சமஸ்கிருதம் எடுத்தவன் நீ, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாமே என்று அப்பா சொன்னார். பேச ஆரம்பித்தால் எனக்கு நடுவில் அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, விடும்மா" என்று முடித்துவிடுவாய். முப்பத்தொரு வருஷம் மினிஸ்ட்ரியில் ஃபைலுக்குக் குறிப்பு எழுதியவள் நான். எழுதினால்தான் எனக்கு ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வரும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வித்யாவின் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன மாதம் உன்னிடம் சொன்னது பொய். ஜாதகம் நன்றாகவே பொருந்தியிருந்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். நீ அன்றைக்கு "ஓகேம்மா, நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அந்தப் பெண்ணின் போட்டோவை நீ எத்தனை நாள் வைத்துப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து, உன்னோடு பேசி முடித்து போனை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்தான் நினைவுக்கு வருகிறது.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கும் தெரியும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ கூப்பிட்டாய். "அம்மா, லைசென்ஸ் கெடச்சிருச்சு, பெரிய வண்டி" என்றாய். கார் வாங்கப் போகிறாய் என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் விவரம் சொன்னாய். டிரெய்லர். பொக்லைன், புல்டோசர் மாதிரி மெஷின்களை ஏற்றிக்கொண்டு எட்மண்டனிலிருந்து வடக்கே சுரங்கம் இருக்கிற இடங்களுக்குப் போகிற வேலை. நோய்டாவில் ஏசி அறையில் உட்கார்ந்து செய்த வேலையை விட்டாய், அங்கே போய் இரண்டு வருஷம் மறுபடி படித்தாய், கடைசியில் இதுவா என்று எனக்குத் தலை சுற்றியது. "இதுக்காடா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்? எங்கப்பன் பண்ணுன வேலையப் பண்ண நீ கனடா வரைக்கும் போவோணுமா?" என்று கத்திவிட்டேன்.

 நீ மெதுவாக, "தாத்தா டிரைவராம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் இருந்தது சந்தோஷம். சேலத்துத் தாத்தாவுக்கு டிரான்ஸ்போர்ட் தொழில் என்றுதான் அதுவரை உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் வீட்டார் உன் அப்பா வீட்டுக்குச் சொன்னதும் அதேதான். இருபத்தெட்டு வருஷம் உன்னிடம் மறைத்த ஒன்றை நானே கோபத்தில் போட்டு உடைத்துவிட்டேன், நீயோ ஏதோ புதையல் கிடைத்த மாதிரி கேட்கிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள் அப்பா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவில் நீ. பின்னால் பனி, மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மெஷின் டிரெய்லர் மேல் நின்றது. கையுறை போட்ட கையில் ஒரு சங்கிலியைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இங்க பாரேன், இன்னிக்கு இத நானே கட்டினேன்" என்றாய். நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் முகம் அந்த நிமிஷம் எப்படி ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

இங்கே டெல்லியில், மயூர் விஹார் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் "லாஜிஸ்டிக்ஸில் இருக்கான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நாளாக நாளாக நானே மனசுக்குள் அதற்கு ஒரு நாற்காலியும் மேஜையும் சேர்த்துக்கொண்டேன். வித்யாவின் அம்மா மோதி பாக்கிலிருந்து முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, "தம்பி என்ன போஸ்ட்ல இருக்காருங்க?" என்று கேட்டார். ஈரோட்டுக்காரர்கள், நம் பக்கத்துப் பேச்சு, எனக்கு மனசு இளகிப்போயிருந்தது. வாய் கூசாமல் "மேனேஜருங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். ஜாதகம் பார்த்து முடித்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் நம்பர் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

என் அப்பாவைப் பற்றி நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம், உன் தாத்தா டிரைவர்தான். சங்ககிரியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே வருவார். எனக்குக் கல்யாணமாகி நான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் மூன்று தடவை டெல்லிக்கு லோடு கொண்டு வந்தார். மூன்று தடவையும் அவரை வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. "நீங்க ஏனுங்கப்பா அவ்வளவு தூரம் வாறீங்க, நானே வாறேன்" என்று சொல்லிவிட்டு, டிஃபன் பாக்ஸில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஆசாத்பூர் மண்டிக்கு பஸ்ஸில் போவேன். லாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எல்லாரும் ஆபீசர் வீட்டு மாமனார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். கிரீஸ் படிந்த வேட்டியோடு என் அப்பா அந்தப் படியேறி வந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம் எனக்கு. மூன்றாவது தடவை சாப்பிட்டு முடித்து பாக்ஸைக் கழுவிக் கொடுக்கும்போது, "ஊடு எத்தனாவது மாடி கண்ணு?" என்று கேட்டார். இரண்டாவது மாடி என்றேன். "காத்து வருமா?" என்றார். வரும் என்றேன். அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய்.

போன மாதம் மல்லிகா ஆன்ட்டியின் மகள் கனடா போகிறாள் என்று கேள்விப்பட்டு, உனக்கு உள்ளே போடுகிற கம்பளி உடுப்பு கொடுத்துவிடலாம் என்று சரோஜினி மார்க்கெட்டுக்குப் போனேன். மெட்ரோவில் பிங்க் லைனில் ஏறினால் நேரே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. வாங்கி முடித்த பிறகு, இவ்வளவு தூரம் வந்தோமே, பழைய வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். இடிக்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் நம் பிளாக்காவது இருக்கும் என்று ஒரு நினைப்பு. தெரு முழுக்கத் தகரம் அடைத்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கேட் திறந்திருந்தது. உள்ளே நம் பிளாக் இல்லை. வேப்பமரம் மட்டும் நின்றது. நீ சைக்கிள் கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு நீளமான தாழ்ந்த டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. வீடுகளை இடித்து முடித்த பொக்லைனை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா பார்க்காத வீடு இனிமேல் யாருக்குமே இல்லை என்று தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டேன். டிரெய்லர் டிரைவர் என்னைப் பார்த்து, "மாதாஜி, உதர் மத் கடே ஹோயியே" என்று சத்தம் போட்டார். அங்கே நிற்காதீர்கள் என்கிறார். நான் மரத்தடிக்குப் போனேன். நாற்பது வயசு இருக்கும், உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா பக்கத்து ஆள். டிரெய்லரின் தட்டில் ஒட்டியிருந்த ஈரமண்ணை மண்வெட்டியால் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தார். மண் இருந்தால் மெஷினின் இரும்புப் பட்டை வழுக்குமாம். பிறகு மெஷின் சரிவுப் பலகையில் மெதுவாக ஊர்ந்து ஏறியது. டிரெய்லரே ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. மண் அள்ளுகிற வாளியைத் தட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டு, மெஷினை ஓட்டியவர் இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் டிரைவர் தனியாகச் செய்ததை நான் நின்று பார்த்தேன். கனமான சங்கிலிகளைத் தோளில் போட்டு இழுத்து வந்து, நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகக் கொக்கி மாட்டினார். முன்னால் இருக்கிற இரண்டும் முன்பக்கமாக இழுக்க வேண்டும், பின்னால் இருக்கிற இரண்டும் பின்பக்கமாக. அப்போதுதான் பிரேக் போட்டாலும் மெஷின் முன்னால் பாயாது, வேகம் எடுத்தாலும் பின்னால் நகராது. வாளி இருக்கிற கைக்குத் தனியாக இன்னொரு சங்கிலி. ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு லீவரை மாட்டி, உடம்பின் முழு எடையையும் கொடுத்து அழுத்தி மடக்கினார். சங்கிலி விறைத்து நின்றது. மடக்கிய லீவர் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க அதைக் கம்பியால் சுற்றிக் கட்டினார். கடைசியில் ஒவ்வொரு சங்கிலியையும் காலால் உதைத்துப் பார்த்தார்.

பெரிய வண்டிகளைப் பகலில் சாலையில் விட மாட்டார்கள் என்பதால் அவர் இரவு வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். டீ குடிக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். என் மகனும் இதே வேலைதான் செய்கிறான், கனடாவில், என்று சொன்னேன். அதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அந்த மனிதரிடம்தான், கதிரு. பெயர்கூடத் தெரியாது. அவருக்கு ஒரே ஆச்சரியம். அங்கேயும் இப்படித்தான் கட்டுகிறார்களா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்குகிறானா, போகப் போக மெஷின் அழுந்தி உட்கார்ந்து சங்கிலி தளர்ந்துவிடுமே, என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. பிறகு தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் இரண்டு இல்லை. லீவர் கையிலிருந்து நழுவினால் முகத்தில்தான் அடிக்கும், உங்கள் பையனுக்கு எதுவும் அடிபடவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போதே, எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனேன். அப்பா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, கதிருக்கு எப்பவாச்சும் மூஞ்சில அடிபட்டுச்சா?" என்று கேட்டேன். அவர் இயர்போனை எடுத்தார். 

"தாடையில. ஏழு தையல். நீ பேசாம இருந்த அந்த அஞ்சு மாசத்துல."

எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாயாம். அம்மா ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறாள், இதைக் கேட்டால் பயந்துபோய் வேலையை விடச் சொல்வாள் என்றாயாம். பிறகு அப்பா தன் போனைக் கொடுத்தார். நீ அனுப்பிய வீடியோக்கள் எத்தனை. அவர் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான்கு மூலை, வாளிக்கு ஒன்று, பனிக்கட்டியைத் தட்டிவிட்டுத்தான் மெஷினை ஏற்ற வேண்டும், அடிபட்ட பிறகு லீவரை விட்டுவிட்டுத் திருகி இறுக்குகிற பைண்டருக்கு மாறிவிட்டாய், எல்லாம் ஒரு மூச்சில் சொன்னார். ரயில்வே போர்டில் டெஸ்பாட்ச் பார்த்த மனுஷன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். தாடையில் பிளாஸ்திரியோடு நீ சிரிக்கிற வீடியோவை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் நெற்றியைத் தொட்டுக்கொண்டே கிடந்தவள் நான். ஏழு தையல் போட்டபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? வீட்டுக்கு நீயே வண்டி ஓட்டிக்கொண்டு போனாயா? அன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? இந்தக் கேள்விகளைக் கேட்கிற நேரம் கடந்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன், பதில் எழுது.

அந்த வாரமே நானும் அப்பாவும் மோதி பாக் போனோம். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறினார். வித்யா ஆபீஸ் போயிருந்தாள். அவள் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். பையன் மேனேஜர் இல்லை, டிரெய்லர் ஓட்டுகிறான், மெஷின் ஏற்றிக் கட்டுகிறான், நான்தான் மாற்றிச் சொன்னேன். அந்தம்மா கோபப்படவில்லை. காபியைக் கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வண்டி ஓட்டறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. எம்பட தம்பியே ஈரோட்டுல பஸ் ஓட்டறான். நீங்க மறைச்சீங்க பாருங்க, அதுதானுங்க. நாளைக்கு எம்புள்ள அத்தன தூரத்துல இருந்துக்கிட்டு எதை நம்பறது?"

 அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டு நாள் கழித்து அவர் கணவர் அப்பாவுக்கு போன் செய்து, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் மறுபடி பயந்துவிட்டேன். ஜாதகம் என்று சொல்லிவிட்டேன். அப்பா அறையை விட்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை. எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து இது இரண்டாவது தடவை.

உன் வேலை காரணமாக உன்னை அந்த வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கதிரு. அது உனக்கு நன்றாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இனிமேல் யாராவது பெண் வீட்டார் பேசினால் நீயே முதலில் பேசு. என்ன ஓட்டுகிறாய், எத்தனை நாள் வீட்டில் இருக்க மாட்டாய், எவ்வளவு குளிரில் நிற்கிறாய், எல்லாவற்றையும் சொல். அப்படியும் வருகிறவள் வரட்டும். எனக்கு வலிக்கும் என்று எதையும் என்னிடமிருந்து மறைக்காதே. அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று இப்போது புரிகிறது. அடிபட்டால் முதலில் எனக்குச் சொல். நான் அழுவேன், அழுதுவிட்டுப் போகிறேன். அதனால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நீ கடைசியாக லீவில் வந்துபோய் மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. போனில் பார்க்கிறது வேறு. உன் சட்டைக் காலரைச் சரிசெய்ய முடியவில்லை, அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. மெட்ரோவில் உன் உயரத்தில் யாராவது முதுகைக் காட்டி நின்றால் அடுத்த ஸ்டேஷன் வரை பார்த்துக்கொண்டே வருகிறேன். அப்பாவுக்கும் எழுபது ஆகப்போகிறது. அதனால் நேற்று லக்ஷ்மி நகரில் ஒரு விசா ஏஜென்ட்டிடம் போனோம். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண் உன் பெயரைக் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள். பிறகு "பேட்டா க்யா கர்தா ஹை?" என்று உன் வேலையைக் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். டிரெய்லர் ஓட்டுகிறான், பெரிய மெஷின்களை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று நான் சொன்னேன். டிரக் டிரைவர் என்று போடட்டுமா என்று கேட்டாள். போடம்மா என்றேன். அவள் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் அந்த எழுத்துகளைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசா கிடைத்துவிட்டால் வெயில் காலத்தில் வருகிறோம். உன் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை இருக்கிறதாமே, அப்பா சொன்னார். அதில் யார் உட்காருவது என்று எங்களுக்குள் இப்போதே சண்டை. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று உன் கம்பெனி சொன்னால், வண்டி யார்டில் நிற்கிறபோது கதவை மட்டும் திறந்து விடு. கொஞ்ச நேரம் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உன் அம்மா